செயற்கைக்கோள் மேலே போகட்டும், கேட்பது யார்?

காவேரிப்பட்டினத்தில் டிஷ் மாட்டுவதும் டிவி ரிப்பேரும் எனக்குப் பிழைப்பு. ஹாம் ரேடியோ, அதாவது சொந்த ஆர்வத்தில் ரேடியோ அலைகளில் பேசுவதும் கேட்பதும், வீட்டில் திட்டு வாங்கித் தரும் பழக்கம். இரண்டும் தெரிந்த ஆள் என்பதால், சுற்றுவட்டாரத்து இன்ஜினியரிங் மாணவர்கள் அவ்வப்போது கடைக்கு வருவார்கள். "அண்ணா, நாங்க சாட்டிலைட் பண்றோம்" என்று ஆரம்பிப்பார்கள். கையில் பத்து சென்டிமீட்டர் பெட்டி, அதைச் சுற்றி ஒட்டிய சோலார் செல், உள்ளே ஒரு கேமரா. போர்டில் சால்டரிங் கூட அழகாக இருக்கும். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சரி தம்பி, அது பேசுச்சுன்னா கேட்கப் போறது யாரு?"

பெரும்பாலும் பதில் வராது. பெட்டியைச் செய்வதிலேயே ஆண்டு முழுக்கப் போயிருக்கும். கீழே இருந்து கேட்கும் வேலையை ஏதோ கடைசி மாதத்துச் சில்லறை வேலையாக நினைத்திருப்பார்கள். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கே இது ஆகாது. பூமியை விட்டுப் போகும் கோள் என்றால் பாதிக் கோள் தரையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் ஊரில் பள்ளிக்குப் பள்ளி அதே பேச்சு. அந்தக் கலத்தோடு பேசிய 32 மீட்டர் டிஷ், பெங்களூரு தாண்டி பயலாலுவில் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து காரில் சில மணி நேரம்தான். ஆனால் அது இஸ்ரோவின் காது, நமக்கு அங்கே வேலை இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று ஜப்பான் தானேகாஷிமாவிலிருந்து ஹயபுசா 2 கிளம்பியது. ரியுகு என்ற சிறுகோளுக்குப் போய், மண் எடுத்து, 2020 டிசம்பரில் அதைப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்த கலம் அது. ராக்கெட்டில் மீதி இடத்தில் மூன்று குட்டிக் கலங்களையும் ஏற்றிவிட்டிருந்தார்கள். அதில் இரண்டு என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, ககோஷிமா பல்கலைக்கழகமும் கியூஷு தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து செய்த ஷின்என் 2. சுமார் 17 கிலோ. இன்னொன்று டெஸ்பாட்ச், தாமா கலைப் பல்கலைக்கழகத்தார் செய்தது. ஆமாம், கலைப் பல்கலைக்கழகம். 3டி பிரிண்டரில் வார்த்த ஒரு சிற்பத்தைச் சுமந்துகொண்டு, தன் சென்சார் அளவுகளையே கவிதை மாதிரி கோர்த்து, தந்தி பாஷையான மோர்ஸில் அனுப்பிக்கொண்டே போன கோள் அது. சோலார் தகடு கிடையாது. பேட்டரி தீரும்வரை பேசிவிட்டு அடங்கிவிடும்.

இரண்டுமே சூரியனைச் சுற்றும் பாதைக்குப் போய்விட்டன. இரண்டும் 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் பேசின. கேட்பதற்கு ஜப்பானில் மட்டும் ஆள் இருந்தால் போதாது. பூமி சுழல்கிறது, ஜப்பானின் அடிவானத்துக்குக் கீழே போனபிறகு கோள் வேறு நாட்டு வானத்தில் இருக்கும். ஆகவே உலகம் முழுக்க இருக்கும் ஹாம்களைக் கேளுங்கள் என்று அழைத்தார்கள். அழைத்தால் போகாமல் இருக்க முடியுமா?

முதலில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். தூரம் இரட்டிப்பானால் சிக்னல் நாலில் ஒன்றாகும். ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துக் கோளை நான் வழக்கமாகவே கேட்பேன். அதே கோளை நிலா தூரத்தில், 3.84 லட்சம் கிலோமீட்டரில் வைத்தால், சிக்னல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் மடங்கு குறைகிறது. இந்தக் குட்டிகளோ நாளொன்றுக்குச் சுமார் 4 லட்சம் கிலோமீட்டர் விலகிப் போய்க்கொண்டிருந்தன. நிலா தூரம் என்பது முதல் நாளோடு சரி. ஷின்என் 2-இன் சக்தி ஒரு வாட்டுக்கும் கீழே. டெஸ்பாட்ச் 7 வாட். வீட்டு நைட் லாம்ப் அளவு.

கணக்கைப் பார்த்து என் நண்பன், "விடுடா, மாம்பழ சீசனுக்கு வேற வேலை பாக்கலாம்" என்றான். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சிக்னல் மிகக் குறுகலானது. பத்து ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் மட்டும் காதை வைத்தால், அந்தச் சின்ன ஜன்னலுக்குள் வரும் இரைச்சலும் மிகக் குறைவு. 7 வாட் டெஸ்பாட்ச், நிலா தூரத்தில் ஒரு நல்ல யாகி ஆன்டெனாவுக்கே (பழைய டிவி ஆன்டெனா மாதிரி கம்பி கோர்த்தது) எட்டும் என்று கணக்கு சொன்னது. தூரம் கூடக் கூட ஜன்னலை இன்னும் குறுக்கி, இன்னும் நேரம் எடுத்துக் கேட்க வேண்டும். விண்வெளித் தூரம் என்பது பொறுமையை வைத்து வாங்கும் சரக்கு என்று அன்றுதான் புரிந்தது.

ஆன்டெனாவுக்குச் செலவே இல்லை. தூர்தர்ஷன் காலத்து அலுமினிய ஆன்டெனாக்கள் என் கடை மாடியில் துருவேறாமல் கிடந்தன. 437 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 69 செ.மீ., அதில் பாதி 34. பின்கம்பி 34 செ.மீ., முன்னால் வரும் கம்பிகள் 30-ஐ ஒட்டி. பழைய குழாயை ஹேக்ஸா பிளேடில் அறுத்து, பிவிசி பைப்பில் ஓட்டை போட்டுக் கோர்த்தோம். பூஸ்டரை எங்கே வைப்பது என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். டிஷ் வேலை தெரிந்தவனுக்கு இது கேள்வியே இல்லை. சிக்னலைப் பெருக்கும் எல்.என்.பி. பெட்டி ஏன் டிஷ்ஷின் மூக்கிலேயே இருக்கிறது? ஒயரில் இறங்குவதற்கு முன்னால் பெருக்கிவிட வேண்டும். ஒயரில் தொலைந்ததை அப்புறம் எந்தப் பூஸ்டரும் திருப்பித் தராது. மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் பத்து மீட்டர் இழுத்தால், இந்த அலைவரிசையில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். நாம் டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி. 6 அதைவிட எவ்வளவோ மேல். ரேடியோ புத்தகங்களில் 50 ஓம் கேபிள்தான் என்று எழுதியிருக்கும். கேட்பதற்கு மட்டும் என்றால் 75 ஓம் ஆர்.ஜி. 6 தாராளமாகப் போதும். ஒத்துப்போகாததால் வரும் நஷ்டம் சொற்பம்.

ரிசீவர், அப்போது வந்திருந்த யு.எஸ்.பி. டிவி டாங்கிள். கம்ப்யூட்டரில் சொருகினால் அலைவரிசையெல்லாம் திரையில் அருவி மாதிரி இறங்கும். அதன் ஒரே கெட்ட குணம், சூடு ஏற ஏறக் கடிகாரம் நகரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 437 மெகாஹெர்ட்ஸில் 437 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். மலிவான டாங்கிள் ஐம்பது பங்கு கூடப் பிசகும். அதாவது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். பத்து ஹெர்ட்ஸ் ஜன்னலில் தேடுகிறவனுக்கு இது ஊர் மாறிப்போன விலாசம். அரை மணி நேரம் முன்பே சொருகிச் சூடாக விட்டு, பிறகு செல்போன் டவரின் சிக்னலை வைத்துப் பிசகைக் கணக்கிட்டுத் திருத்திக்கொண்டோம். டவரின் கடிகாரம் மிகத் துல்லியம். இன்று சூட்டுக்கு அசையாத டி.சி.எக்ஸ்.ஓ. கடிகாரம் போட்ட டாங்கிளே கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கடை மாடியில் வைத்தால் திரை முழுக்கக் கோடுகள். எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், எதிர் வீட்டு இன்வெர்ட்டர் என்று ஆளுக்கொரு கோடு. கரண்ட் போன நேரத்தில் லேப்டாப் பேட்டரியில் பார்த்தால் பாதிக் கோடுகள் காணாமல் போயின. ஊரே கரண்ட் வரவில்லை என்று புலம்பும்போது எங்களுக்கு மட்டும் வானம் திறக்கும். கடைசியில் பர்கூர் தாண்டி என் மாமனாரின் மாந்தோப்புக்குப் போய்விட்டோம். அங்கே ஒரே எதிரி போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர். மும்முனை கரண்ட் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தால் இரைச்சல் தரை மட்டத்துக்கு இறங்கிவிடும். பனி இறங்கும் மாதம், மூங்கில் கழியில் ஆன்டெனாவைப் பிடித்தபடி ஒருவன், கம்ப்யூட்டர் முன் இரண்டு பேர். மாமனார் டார்ச்சோடு வந்து நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாப்ளே, படம் தெரியுதுங்களா?"

தெரிந்தது, ஆனால் வேறு படம். 437.3-க்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய கோடு, பதினைந்து நிமிடம் நேராக இறங்கிக்கொண்டே இருந்தது. கூட வந்த பசங்கள் குதித்துவிட்டார்கள். இங்கேதான் நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை வருகிறது. கோடு தெரிந்ததும் ஆன்டெனாவைக் கோள் இருக்கும் திசைக்கு நேர் எதிரே திருப்ப வேண்டும். கோடு மங்கினால் அது வானத்துச் சங்கதி. மங்காவிட்டால் நம் ஊர்ச் சங்கதி. திருப்பினோம், கோடு அப்படியே இருந்தது. லேப்டாப் சார்ஜரை உருவியதும் மறைந்தது.

இரண்டாவது சோதனை டாப்ளர்: அனுப்புவது நம்மை நெருங்கினால் அலைவரிசை கூடும், விலகினால் குறையும். இது அழகானது, நிதானமாகச் சொல்கிறேன். தாழ்ந்து சுற்றும் கோள் பத்து நிமிடத்தில் தலைக்கு மேலே கடந்துவிடும். அதற்குள் அதன் அலைவரிசை, மேலே பத்து கிலோஹெர்ட்ஸில் தொடங்கிக் கீழே பத்து கிலோஹெர்ட்ஸ் வரை சரியும். கண்ணுக்கு முன்னாலேயே வளையும். ஆழ்வெளிக்குப் போகும் கோள் அப்படி இல்லை. அது நொடிக்கு நாலைந்து கிலோமீட்டர் விலகிக்கொண்டே இருப்பதால், சொன்ன அலைவரிசைக்கு ஆறேழு கிலோஹெர்ட்ஸ் கீழேயே நிலையாகக் குடியிருக்கும். சூரியன் நிலா போல நாளுக்கு ஒருமுறை கிழக்கே எழுந்து மேற்கே இறங்கும். எழும்போது பூமியின் சுழற்சி நம்மை அதன் பக்கம் கொண்டுபோகிறது, இறங்கும்போது விலக்குகிறது. நம் அட்சரேகையில் அந்தச் சுழற்சி வேகம் நொடிக்கு அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே எழுவதிலிருந்து மறைவது வரை அலைவரிசை ஆயிரத்து முந்நூறு ஹெர்ட்ஸ் அளவுக்கு, பன்னிரண்டு மணி நேரத்தில், மெதுவாக இறங்க வேண்டும். நேராக நிற்கும் கோடு கண்டிப்பாகக் கோள் இல்லை. நெளிந்து ஓடும் கோடும் இல்லை. மணிக்கு நூறு ஹெர்ட்ஸ் அளவில் நகரும் கோடுதான் தேட வேண்டியது. இந்தச் சரிவை முன்கூட்டியே கணக்கிட்டு எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டால், சிக்னல் ஒரே இடத்தில் நின்று குவியும். அப்போதுதான் நீண்ட நேரம் சேர்த்து வைத்துப் பார்க்க முடியும்.

அந்த டிசம்பரில் எங்களுக்கு டெஸ்பாட்ச் சிக்கவில்லை. நாங்கள் தோப்புக்கு வந்து சேர்ந்தபோதே அது வெகுதூரம் போயிருந்தது. ஆனால் மற்றவர்கள் கேட்டார்கள். சுமார் 47 லட்சம் கிலோமீட்டர் வரை அதன் சிக்னல் பிடிபட்டது. ஆயிரம் கிலோமீட்டரில் இருப்பதைவிட இரண்டு கோடி மடங்குக்கு மேல் மங்கிய சிக்னல் அது. அவர்கள் செய்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. ஒருவருக்கு முழு வரியும் கேட்காது. இங்கே ரெண்டு எழுத்து, அங்கே மூன்று எழுத்து. எல்லா நாட்டு ஹாம்களும் அனுப்பிய துண்டுகளைச் சேர்த்துச் செய்தியை மீட்டெடுப்பது என்று கோளைத் திட்டமிடும்போதே முடிவு செய்திருந்தார்கள். கேட்பவர்களும் கோளின் டிசைனுக்குள் இருந்தார்கள். கலை மாணவர்களுக்குத் தோன்றியது நம் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

சில வருடம் கழித்து நிலாவே கைகொடுத்தது. 2018 மே 21 அன்று சீனா நிலாவின் மறுபக்கத்தில் இறங்கும் சாங்'இ 4 திட்டத்துக்கான தொடர்புக் கோளை அனுப்பியபோது, கூடவே ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்தின் லோங்ஜியாங் 1, 2 என்ற இரட்டைக் கோள்களும் போயின. (2010-ல் இதே மே 21 அன்றுதான் ஜப்பான் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த யுனிடெக் 1 என்ற குட்டிக் கலம், அகாட்சுகி என்ற கலத்தோடு வெள்ளி கிரகத்தின் திசையில் கிளம்பியது. சீக்கிரமே தொடர்பு அறுந்தது.) லோங்ஜியாங் 1-உம் வழியிலேயே தொலைந்தது. இரண்டாவது நிலாவைச் சுற்ற ஆரம்பித்தது. அதில் மாணவர்கள் செய்த ரேடியோ 435.4, 436.4 மெகாஹெர்ட்ஸில் பேசியது. எப்போது பேசும் என்ற அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டார்கள்.

2019-ல் அதே யாகி, அதே தோப்பு. இந்தமுறை திசைக் கணக்கே தேவையில்லை, நிலாவைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பினால் முடிந்தது. ஆன்டெனா கேட்கும் வட்டம் அகலமானது என்பதால் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் நகர்த்தினால் போதும். குறித்த நேரத்துக்குச் சில நொடிகள் கழித்து, ஜே.டி. 4ஜி என்ற மெதுவான முறையில் அனுப்பும் நாலு தொனிகளின் கோடுகள் திரையில் மங்கலாகப் படிந்தன. காதுக்குக் கேட்கவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. கூட வந்த ஒரு பெண் எழுந்துபோய், யாரும் சொல்லாமலே, ஆன்டெனாவைப் பக்கவாட்டில் திருப்பினாள். கோடுகள் மறைந்தன. மறுபடி நிலாவுக்குத் திருப்பினாள், வந்தன. "அண்ணா, இது நம்ம சார்ஜர் இல்ல" என்றாள். சிறுமாற்றம்கூட இல்லாத முகத்தோடு சொன்னதுதான் வேடிக்கை.

அந்தக் கோளின் சிறிய கேமரா எடுத்த படம் ஒன்று, நிலாவின் மறுபக்கமும் பின்னால் பூமியும், 2019 பிப்ரவரியில் உலகம் சுற்றியது. அதைத் தரையில் பிடித்தது நெதர்லாந்தின் ட்விங்கலோ 25 மீட்டர் டிஷ். ஜூலை 31 அன்று கோளை நிலாவிலேயே மோதவிட்டார்கள்.

தமிழ்நாட்டு மாணவர்கள் பின்தங்கியவர்கள் இல்லை. 2009-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், 2011-ல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-ல் சத்தியபாமாசாட், 2017-ல் குமரி மாவட்டத்து நியூசாட் எல்லாம் பி.எஸ்.எல்.வி.யில் போனவை. எல்லாமே பூமியைச் சுற்றியவை. அந்த அனுபவத்தை அப்படியே ஆழ்வெளிக்கு எடுத்துப்போக முடியாது என்பதைப் பெட்டி செய்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். குட்டிக் கோள்களைத் திருப்பிப் பிடிக்கப் பயன்படுத்தும் காந்தச் சுருள் பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துத்தான் வேலை செய்யும். வெளியே போனால் பிடிக்க ஒன்றும் இல்லை, அது வெறும் செம்புச் சுருள். ஜி.பி.எஸ். கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து பூமியைப் பார்த்துப் பேசுகின்றன, அவற்றைத் தாண்டிப் போகிறவனுக்கு வழி சொல்ல அவை ஏற்பட்டவை அல்ல. ரேடாரில் பார்த்து யாரும் பாதை எழுதித் தரமாட்டார்கள். கீழிருந்து ஒரு கட்டளை அனுப்பி ரீசெட் செய்யலாம் என்பதும் கல்லூரி மாடி ஆன்டெனாவுக்கு ஆகாத காரியம். ஹேங் ஆகி நின்றால் தானாக எழும் புத்தியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஓரளவு கேட்கும் ஆன்டெனா, வேகமான டேட்டாவுக்குப் பதில் மெதுவான, குறுகலான சிக்னல். நொடிக்கு ஆயிரம் பிட் அனுப்பிப் பீற்றிக்கொள்வதை விட நிமிடத்துக்குச் சில எழுத்து அனுப்பிக் கேட்கவைப்பது மேல்.

கடைக்கு வருகிறவர்களை நான் இப்போது நேராகப் பெட்டிக்கு விடுவதில்லை. முதலில் 145.8 மெகாஹெர்ட்ஸில் பன்னாட்டு விண்வெளி நிலையம் பேசுவதைக் கேட்கட்டும். பிறகு 435 முதல் 438 வரை கல்லூரிக் கோள்கள் நிறையச் சுற்றுகின்றன, அவற்றின் மோர்ஸைப் பிடித்து டாப்ளர் வளைவைத் தாங்களே வரையட்டும். வளைவு கைக்கு வந்துவிட்டால் மீதி தானாக வரும். அனுப்பவும் ஆசை என்றால் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை, பிளஸ் டூ இயற்பியல் தெரிந்தவனுக்குப் பெரிய மலையும் இல்லை. ஏப்ரல், மே கோடைக் காற்றுக்கு முன்னால் மாடி ஆன்டெனாவை இறக்கிவிடுங்கள், கேபிளையும் ரிசீவரிலிருந்து கழற்றிவிடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இடி யாருக்கும் சலுகை காட்டாது.

கேட்டதைக் குறிக்கும் லாக் எழுதும்போது நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுதுங்கள், நம் கடிகார நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து. ஆடியோவாகப் பதியாமல் அலைவரிசைப் பட்டை முழுவதையும் பச்சையாகப் பதிந்து வையுங்கள். ஃபைல் பெயரிலேயே தேதி, நேரம், அலைவரிசை மூன்றும் இருக்கட்டும். ஜப்பானிலோ ஹார்பினிலோ இருக்கும் ஒரு மாணவர் உங்கள் பதிவை வாங்கித் தன் துண்டோடு ஒட்டிப் பார்க்கும்போது அவருக்கு முதலில் வேண்டியது அந்த மூன்றும்தான். ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பும், ஒரு டெராபைட்டாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.